வெறும் சளிக் காய்ச்சல்

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது என் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். ஆறு மாதம் கீமோ. அந்த ஆறு மாதமும் கேளம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் கதவருகே ஒரு பை தயாராக இருந்தது. மாற்றுத்துணி, துண்டு, சார்ஜர், ஆஸ்பத்திரி ஃபைல். காய்ச்சல் நூறைத் தாண்டினால் யோசிக்காமல் கிளம்பி வந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது சின்னக் கிருமிகூட ஆளைச் சாய்த்துவிடுமாம். அப்படிச் சில முறை ஓடினோம். ஒருமுறை ஐசியூவில் கண் விழித்தபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

சிகிச்சை முடிந்து, ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தது. சொந்தக்காரர்கள் போன் செய்து சந்தோஷப்பட்டார்கள். எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. முடி ஒரு விரல்கடை வளர்ந்தபிறகும் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்லூரியில் என் பக்கத்தில் உட்காரும் கோவளத்துத் தோழி ஸ்கூட்டரில் வந்தாள். அவர்கள் வீட்டில் சொந்தப் படகு வைத்து மீன் பிடிக்கிறார்கள்.

"இன்னாடி, வூட்டுக்குள்ளியே குந்திகினு கீற? மகாபலிபுரம் வரிக்கும் போய்ட்டு வந்துரலாம், கெளம்பு" என்றாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். "மாஸ்க் போட்டுக்கோ" என்று மட்டும் சொன்னாள்.

கடற்கரையில் மாஸ்க்கைக் கழற்றிவிட்டேன். மிளகாய்த்தூள் தூவிய மாங்காயை இருவரும் ஒரே காகிதத்திலிருந்து எடுத்துத் தின்றோம். திரும்பும்போது நல்ல மழை. ஒதுங்க மனமில்லாமல் நனைந்துகொண்டே வந்தோம்.

செவ்வாய்க்கிழமை காலை உடம்பு கொதித்தது. தெர்மாமீட்டர் நூறைத் தாண்டியிருந்தது.

அம்மா, சிகிச்சை முடிந்ததும் பரண்மேல் போட்டிருந்த பையை இறக்கினாள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிவரை வாடகைக் காரில் என் கையை விடவேயில்லை. மறுபடியும் முதலிலிருந்தா என்ற ஒரே நினைப்புதான் எனக்கு.

ரத்தம் எடுத்தார்கள். காத்திருந்தோம். டியூட்டியில் இருந்த பெண் டாக்டர் என் தொண்டையைப் பார்த்தார், ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

"கவுன்ட் எல்லாம் நல்லா இருக்கு. வெறும் சளிக் காய்ச்சல்தான். மாத்திரை எழுதித் தர்றேன், வீட்டுக்குப் போகலாம்."

"அட்மிட் பண்ண வேணாமா டாக்டர்?" என்றாள் அம்மா.

"சளிக்கா?"

"அப்போ, எல்லாருக்கும் வர்ற மாதிரிதானா?"

"எல்லாருக்கும் வர்ற மாதிரிதாம்மா."

அம்மா வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். காரில் ஏறியதும் ஆரம்பித்தாள். "எங்கயாச்சும் ஓரமா நிக்கத் தெரியாது? இவ்ளோ பெரிய பொண்ணுக்கு மழையில நனையக்கூடாதுன்னு சொல்லியா தரணும்?" திருப்போரூர் தாண்டியும் நிறுத்தவில்லை. நோய் வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் குரலை உயர்த்தியதே இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஜன்னலில் தலையைச் சாய்த்து, கேட்டுக்கொண்டே வந்தேன். சுகமாக இருந்தது.

மாலையில் தோழி போன் செய்தாள். அவளுக்கும் தொண்டை கட்டியிருந்தது.

"நான்தான் ஒட்ட வெச்சிட்டேனா? ஒனக்கு ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணுமில்ல. வெறும் சளி."

அவள் இருமி ஓய்ந்தாள். பிறகு, "உசுரே பூட்ச்சு எனக்கு" என்றாள்.

மிளகு ரசமும் தூக்கமுமாக அந்த வாரம் போனது. காய்ச்சல் விட்டது. ஊசியில்லை, டிரிப்ஸ் இல்லை. என் உடம்பு தன்னைத் தானே சரிசெய்துகொண்டதை வெகுநாட்களுக்குப் பிறகு அப்போதுதான் பார்த்தேன். அடுத்த திங்கட்கிழமை கல்லூரிக்குப் போய், விட்ட படிப்பைத் தொடர எந்த வகுப்பில் உட்கார வேண்டும் என்று ஆபீசில் கேட்டேன்.