கழட்டிப் பூட்டும் காலர்

பித்தளைப் பொத்தான் ஒன்று மார்கழிக் குளிரில் தொண்டைக்குழியில் வந்து பட்டால் எச்சிலை விழுங்கவும் முடியாது, விழுங்காமல் இருக்கவும் முடியாது. கஞ்சி போட்டு, மெழுகு தேய்த்து, இஸ்திரி செய்த வெள்ளைக் காலர் அதன்மேல் இறுகும்போது தாடைக்குக் கீழே தோல் சிவந்து எரியும். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்தக் காலர் அப்புத்தளைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரிய துரையுடையது.

என் அப்பா துரை பங்களாவில் "அப்பு". சமையல், மேசை, துரையின் உடுப்பு எல்லாம் அவர் பொறுப்பு. மாதத்தில் ஒரு சனிக்கிழமை துரை கிளப் விருந்துக்குப் போவார். அன்றைக்குப் போடும் சட்டையின் மார்பு பலகை மாதிரி விறைத்து நிற்கும், ஆனால் அதற்குக் காலர் கிடையாது. காலரைத் தனியே எடுத்துக் கழுத்தைச் சுற்றி வைத்து, பின்னால் ஒரு பொத்தானிலும் முன்னால் ஒரு பொத்தானிலும் இன்னொருவர்தான் மாட்டிவிட வேண்டும். எங்கள் வீட்டில் அதற்குக் "கழட்டிப் பூட்டுற காலர்" என்று பெயர்.

அந்த வருடம் அப்பாவின் வலது கை நடுங்கத் தொடங்கியது. தோட்டத்து டாக்டரையாவிடம் காட்டினால் அன்றைக்கே துரை காதுக்குப் போய்விடும். முன்பிருந்த அப்பு விருந்தாளியின் மடியில் சூப்பைக் கொட்டிவிட்டு, அந்த வாரமே பெண்டாட்டி பிள்ளைகளோடு கூலியாட்களின் வரிசை வீடுகளான லயத்துக்குத் துரத்தப்பட்டவர். அவர் இருந்த, பங்களாவின் சமையல் குசினிக்குப் பின்னாலிருந்த இரண்டு அறைகளில்தான் நாங்கள் குடியிருந்தோம். "வெளிய யார்கிட்டயும் மூச்சு விட்டுறாத" என்று அம்மா சொல்லியிருந்தாள். நான் பயத்தில் பள்ளிக்கூடத்தில் பேசுவதையே விட்டுவிட்டேன்.

துரை நைந்துபோனதென்று எறிந்த ஒரு காலரும், அதே மாதிரிப் பழைய சட்டையும் அப்பாவிடம் இருந்தன. தினமும் சாயங்காலம் அவர் என்னை முக்காலியில் உட்காரவைத்து, என் சின்னக் கழுத்து துரை கழுத்தளவுக்கு வர ஒரு துவாயைச் சுற்றி, சட்டையை மாட்டிவிட்டுப் பழகுவார். "அசையாம இரு புள்ள, தொர அசைய மாட்டாரு" என்பார். பொத்தானின் தலை காலர் துளைக்குள் ஏறவே ஏறாது. வியர்வை வழியும் அவர் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வேறு யாரோ மாதிரித் தெரியும். என்னைத் தூக்கி வளர்த்த அப்பாவைப் பார்த்தே நான் பயந்த நாட்கள் அவை.

ஒரு வாரம் போயும் ஒரு தடவைகூட அவரால் பூட்ட முடியவில்லை. "தொரைசானிகிட்டச் சொல்லிப் பாருங்களேன், அவங்க நல்லவங்க, இதை மட்டும் அவங்களே மாட்டிவிடட்டும்" என்றாள் அம்மா. அப்பாவும் பெருமூச்சு விட்டு, நாளைக்குச் சொல்கிறேன் என்றார். சொன்னால் நம்மையும் அனுப்பிவிடுவார்கள் என்றே நான் நினைத்தேன். அடுத்த தடவை பொத்தான் வந்து பட்டபோது அவருக்குத் தெரியாமல் துவாய்க்குள் ஒரு விரலை நுழைத்து, பின்னாலிருந்து அதை முட்டுக்கொடுத்துத் தள்ளினேன். காலர் டக்கென்று பூட்டிக்கொண்டது.

அப்பா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாத்தியா, கை சரியாயிருச்சு" என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அம்மா ஞாயிற்றுக்கிழமை மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். துரைசானியிடம் சொல்லும் பேச்சு அதோடு நின்றுபோனது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பேன். அப்பா சிரித்துக்கொண்டே காலரோடு வருவார், என் விரல் துவாய்க்குள் போய்விடும். அந்தச் சனிக்கிழமை வரவே கூடாது என்று படுக்கையில் முழங்காலிட்டு வேண்டிக்கொண்டேன்.

வராமல் இருக்குமா? சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பா துரையின் அறைக்குள் போனார், நான் குசினி வாசலில் காத்திருந்தேன். துரைக்குச் சதைப்பிடிப்பான கழுத்து. பொத்தான் அதில் புதைந்து புதைந்து போயிருக்கிறது. பின்னாலிருந்து தாங்க விரல் ஏது? நடுங்கிய நகம் அந்தக் கழுத்தைக் கீறி, விறைத்த வெள்ளை மார்பில் ஒரு சொட்டு இரத்தம் விழுந்துவிட்டது. சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அப்பா காலரைக் கையில் பிடித்தபடி வெளியே வந்து, அம்மாவிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

திங்கட்கிழமை விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் "பெரட்டு" வரிசையில் அப்பா கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றார். அந்த வாரமே நாங்களும் லயத்துக்குப் போனோம். அதற்குப் பிறகு அவர் வேலை செய்த காலமெல்லாம் அந்தக் கையாலேயே புல் வெட்டினார்.

இப்போது எல்ல என்ற மலையூரில் ஒரு பழைய பங்களா சுற்றுலா விடுதியாகிவிட்டது. அங்கே வேலை செய்யும் என் தம்பி மகன், பரிமாறுகிறவர்களுக்கு அந்தக் காலத்து உடுப்புப் போட வேண்டுமாம் என்று போன் பண்ணினான். "அத்தை, அந்தக் காலர் எங்கயாவது கெடைக்குமா?" பதுளைக் கடைத்தெருவில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினேன். கழுத்தைத் தொட்டுக் காட்டிக் கேட்டால், "கழுத்து வலிக்காம்மா? பார்மசியில கேளுங்க" என்று ஒரு பையன் அக்கறையாக வழி சொன்னான். அந்தச் சட்டை இல்லை, கிளப் இல்லை, துரைமார் கப்பலேறி எத்தனையோ காலமாகிவிட்டது. அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவர் கடைசியாகப் படுத்திருந்தபோது, இரண்டு கைகளுமே நடுங்கிக்கொண்டிருந்தன. அப்போதும் அவர் தன் கையைக் குறை சொல்லவில்லை. "ஒன் கழுத்துல ஒரு நாளும் தப்பலயே புள்ள. அன்னிக்குத் தொரதான் அசைஞ்சிட்டாரு" என்றார்.

"ஆமாப்பா" என்றேன்.