தராசு பிடிக்கிற கை

காய்கறி வியாபாரத்தில் வாயும் கையும் உயர்ந்தே இருக்க வேண்டும். கைத்தராசைத் தோளுக்கு நேரே தூக்காவிட்டால், தட்டு பலகையில் இடிக்கிறது, எடையில் ஏமாற்றுகிறாள் என்பார்கள். பெரிய மார்க்கெட்டில் கடை போட்டிருந்த எனக்கு, புற்றுநோயென்று வலது மார்பை எடுத்தபிறகு அந்தக் கை இடுப்புக்கு மேலே வரவில்லை. என்னைப்போல அறுபட்டு வந்த அக்கா தங்கச்சிகளே, இது உங்களுக்குத்தான்.

சுவரில் எறும்பு

ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி கொடுத்த பெண் கலைவாணி. "விரலை எறும்பு மாதிரி சுவத்துல ஏத்துங்கக்கா" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் என்ன வெள்ளையடிக்கிறவளா? எனக்குத் தராசு தூக்கணும். தூக்கலன்னா மார்க்கெட்ல என் இடம் போயிடும்!" என்று கத்தினேன்.

முறைப்பாள் என்று பார்த்தால், நாற்காலியை இழுத்துப் போட்டு, தராசை எவ்வளவு உயரம், எவ்வளவு எடையோடு தூக்கணும் என்று விசாரித்தாள். அதுவரை என் கையைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டதில்லை. அரைக் கிலோவில் ஆரம்பிக்கிறேன் என்றேன். கால் கிலோவுக்கு இறங்கினேன். அவள் அசையவில்லை.

"சுவரும் உண்டு, தராசும் உண்டு. நாளைக்குக் கொண்டாங்க. எடைக்கல்லெல்லாம் ஊட்லயே இருக்கட்டும், வெறுந்தட்டுதான்."

கொண்டைக்காரி

அதிலிருந்து கலைவாணி வருகிற ஒவ்வொருத்தியிடமும், கை எதற்கு வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தாள். ஒருத்திக்கு பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க வேண்டும். பிரெஞ்சு பென்ஷன் வாங்குவதால் எல்லாரும் மதாம் என்று கூப்பிடுகிற ஒரு அம்மாவுக்குத் தன் கொண்டையைத் தானே போட வேண்டும். மருமகள் போடுவது பழைய இட்லி மாதிரி இருக்கிறதாம்.

மதாமும் நானும் ஒரே கண்ணாடி முன்னால் நின்று பல்லைக் கடித்தோம். ஒருநாள் தராசு தோள்வரை வந்துவிட்டதென்று கூவினேன். மதாம் கொண்டை ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைக் கண்ணாடியில் பார்த்தார்.

"ஏண்டி, கை ஏறலடி, ஒடம்புதான் சாயுது. கத்திரிக்காய் எடையில பண்ற வேலையை இங்கயும் பண்றியா?"

வந்த ஆத்திரத்தில் நிமிர்ந்து நின்று மறுபடி தூக்கினேன். பாதிதான் வந்தது. ஆனால் அந்தப் பாதி பொய்யில்லை.

"இப்ப சரி. நாளைக்கு மிச்சத்தைத் தூக்கு."

வெங்காய மூட்டை

கடைசியில் கலைவாணியோடு பேரம் படிந்தது: வலது கைக்கு அரைக் கிலோவரை, அதற்குமேல் இடது கை. தராசோடும் ஒரு கூடை வெண்டைக்காயோடும் மார்க்கெட்டுக்குப் போனேன். பக்கத்துக் கடை முருகேசன் என் இடத்தில் வெங்காய மூட்டைகளை அடுக்கியிருந்தான். "உனக்கு எதுக்குக்கா இனிமே கடை? ஊட்ல உக்காரு" என்றான். "மூட்டைய எடுடா" என்றேன். "மொதல்ல தராசைத் தூக்கு, பாப்போம்" என்றான்.

அந்த நேரம் பழைய வாடிக்கைக்காரம்மா வந்து அரைக் கிலோ வெண்டைக்காய் கேட்டார். தூக்கினேன். உடம்பு சாயவில்லை, தட்டு இடிக்கவில்லை, முள் நேராக நின்றது. முருகேசன் மூட்டைகளைத் தன் பக்கம் இழுத்தான். வாடிக்கைக்காரம்மா பையை விரித்தபடியே நின்றார்.

"கொசுறு எங்க? ஆஸ்பத்திரிக்குப் போனதும் அதை மறந்துட்டியா?"

மார்பை எடுக்கத் தெரிந்த டாக்டர்களுக்கும் கொசுறு கேட்கிற வாயை எடுக்கத் தெரியாது. அந்த வாய் நமக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. அதனால், தங்கச்சிகளே, கையைத் தூக்குங்கள்.