ஜீவராணி நடித்த காட்சி

தன் படத்தைப் பதுளையில் காட்டப்போகிறார்கள் என்பதை ஜெயரூபன் அம்மாவிடம் மறைத்தே வைத்திருந்தான். ஆனால் படத்தில் நடித்த றில்வான், போஸ்டரைத் தன் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். போஸ்டர் நிறைய இருந்தது அம்மாவின் முகம். அடுத்த நாள் காலையிலேயே போன் வந்தது.

"ஏன்டா, எம் மூஞ்சியப் போட்டு போஸ்டர் அடிச்சிருக்காங்களாமே! பக்கத்து வூட்டுப் புள்ள காட்டுது. எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

"சின்னப் படம்மா. நாப்பது அம்பது பேருதான் வருவாங்க."

"அந்த நாப்பது பேரோட நானும் ஒருத்தி. ஞாயித்துக்கெழம வேல இல்ல. மொத பஸ்ஸுல வர்றேன்."

வேண்டாம் என்று சொல்ல அவன் வாயெடுப்பதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது.

ஜெயரூபனுக்கு இருபத்தாறு வயது. மடுல்சீமைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவன். பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, மலையில் வேலை செய்துகொண்டிருந்த அப்பாவைக் குளவி கொட்டிக் கொன்றது. அம்மா ஜீவராணி கொழுந்து பறித்தே அவனைப் படிக்கவைத்தாள். பதுளை டவுனில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டும் வேலை அவனுக்கு. யாரோ இரண்டு பேரின் மாலையையும் சிரிப்பையும் பாட்டோடு சேர்ப்பதில் கெட்டிக்காரன். தனக்கு அப்படி ஒரு நாள் வராது என்பது பதினான்கு வயதிலேயே அவனுக்குத் தெரிந்திருந்தது. அவன் மனம் போனதெல்லாம் ஆண்களின் பக்கம்தான். அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

ஸ்டூடியோவில் முதலாளி சாப்பிடப் போகும் நேரங்களில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவன் இணையத்தில் படங்கள் பார்ப்பான். பெரிய நடிகர்கள் இல்லாமல் சொற்பச் செலவில் எடுத்த படங்கள். தன்னைப் போன்ற பையன்கள் வளர்ந்து ஆளாவதைப் பற்றியவை. எந்த நாட்டுப் படமாக இருந்தாலும், அந்தப் பையன் தன்னைப் பற்றித் தானே முதல்முறையாகப் புரிந்துகொள்ளும் இடம் வந்ததும் ஜெயரூபன் அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டுப் பார்ப்பான். ஒரே ஒரு விஷயம் மட்டும் ஒட்டவில்லை. அந்தப் பையன்கள் எல்லோருக்கும் சொந்த அறை இருந்தது. அழுகை வந்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். லயத்தில் வீடென்றால் காம்பரா என்கிற ஒற்றை அறை, முன்னால் இஸ்தோப்பு என்கிற சின்னத் திண்ணை. இந்த வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். அங்கே வளரும் ஒருவன் எங்கே போய் அழுவான்? அந்தக் கேள்வியை வைத்துத்தான் அவன் தன் குறும்படத்தை எழுதினான்.

படத்தில் அம்மா வேடத்துக்குச் சொந்த அம்மாவையே நிற்கவைத்தான். வெளிநாடு போக நினைக்கும் ஒரு பையனின் கதை என்று அவளிடம் சொல்லியிருந்தான். மகன் சொல்வதைக் கேட்டு அம்மா அதிர்ந்து போகும் காட்சிதான் முக்கியமானது. ஜீவராணியால் அது முடியவில்லை. துணிக்கடையில் வேலை செய்யும் றில்வான் தன் மகனாக எதிரே நிற்பதைப் பார்த்தாலே அவளுக்குச் சிரிப்பு வந்தது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. பொறுமை இழந்த ஜெயரூபன், "அப்பாவத் தூக்கிட்டு வந்த நாள நெனச்சுக்கம்மா" என்றான்.

அவள் சிரிப்பு நின்றது. கேமராவுக்கு அப்பால் எதையோ பார்த்தாள். பிறகு, யாரும் சொல்லாமலே, முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஜெயரூபன் கேமராவை நிறுத்தவில்லை. மகன் பேசும் வசனத்தைப் பின்னால் பதுளையில் ஒரு அறையில் றில்வானை வைத்துத் தனியாக எடுத்து இதோடு சேர்த்தான். பார்த்தவர்கள் எல்லோரும் அந்தக் காட்சியைத்தான் பாராட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோது பிரசாந்தினி போன் செய்தாள். கொழும்பில் வேலை செய்கிற யாழ்ப்பாணத்துப் பெண். இந்த மாதிரிப் படங்களை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டும் சிறு குழு ஒன்றை நடத்துகிறாள்.

"ரூபன், சிவஞானம் எண்டு ஆரோ ஒராள் போன் பண்ணினவர். உங்கட தோட்டத்துக் கோயில் கமிட்டியாம். என்ன படம், ஆர் எடுத்தது எண்டு கேட்டவர். குரல் நல்லா இல்ல. சட்டம் இன்னும் எங்களுக்கு எதிராத்தான் இருக்கு. பொலிசுக்குச் சொன்னாங்கள் எண்டா வந்து நிப்பாட்டிப் போடுவாங்கள். உங்கட படத்த வேணுமெண்டா விட்டிடுவமா?"

அவன் பதில் சொல்வதற்குள் பசறைப் பக்கமிருந்து பஸ் வந்து நின்றது. கல்யாண வீடுகளுக்குக் கட்டும் நீலப் பட்டுச் சேலையில் ஜீவராணி இறங்கினாள். தலையில் பூ.

"வுடாதீங்க. போடுங்க" என்று சொல்லி அவன் போனை வைத்தான். ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை.

மண்டபத்துக்குப் போகிற ஏற்றத்தில் எப்படியும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான். "அம்மா, படத்துல கத கொஞ்சம் மாறிப்போச்சு" என்று தொடங்கினான். "மாறட்டும், நா இருக்கேன்ல?" என்று அவள் சிரித்தாள். தேத்தண்ணிக் கடையில் உட்காரவைத்து மறுபடி தொடங்கினான். பக்கத்து மேசையில் தெரிந்த முகம் ஒன்று வந்து உட்கார்ந்தது. தேத்தண்ணி ஆறிவிடும் என்று பேச்சை மாற்றினான். மண்டபத்தின் படியில் ஏறும்போது அவள் கையைப் பிடித்து நிறுத்தினான். "என்னடா கை இப்படி வேர்க்குது? மொதப் படம்ன்னா அப்படித்தான் இருக்கும்" என்று அவளே அவனை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

அது டியூஷன் வகுப்புகள் நடக்கும் கட்டடத்தின் மேல்மாடி. சன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். கடைசி வரிசையில் சிவஞானம் உட்கார்ந்திருந்தான். தோட்டத்தில் வேன் ஓட்டுகிறவன். நாற்பது வயதிருக்கும். ஜெயரூபனுக்குத் தெரிந்த இரண்டு இளைஞர்கள் அவனுக்கு இரு பக்கமும் இருந்தார்கள். ஜீவராணி அவர்களைப் பார்த்து, "அட, நீங்களும் வந்தீங்களா!" என்றாள். மூவரும் வெறும் திரையைப் பார்த்தார்கள்.

முதலில் ஒரு சிங்களப் படம். பள்ளி விடுதியில் இரண்டு பெண்கள். ஒருத்தி மற்றவளின் தலைமுடியைப் பின்னிவிடுகிறாள். பின்னி முடிந்த பிறகும் கையை எடுக்காமல் இருக்கிறாள்.

"கூட்டாளிங்களா இதுக ரெண்டும்?" என்று ஜீவராணி கிசுகிசுத்தாள்.

"ம்."

சிறிது நேரம் கழித்து அவள் மறுபடி அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

பிறகு அவன் படம். லயம் திரையில் வந்ததும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஜெயரூபன் திரையைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். றில்வானின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"எனக்குப் பொண்ணு பாக்காதம்மா. பொம்பளப் புள்ளைங்க மேல எனக்கு அந்த எண்ணம் வந்ததே இல்ல. ஆம்பளைங்க மேலதான் வருது. மாத்திப் பாத்தேன், முடியல."

திரையில் அவள் முகம் வந்தது. உறைந்து, எங்கோ பார்த்து, அடுப்புப் பக்கம் திரும்பியது. நாற்காலியில் இருந்த ஜீவராணியின் கை மெல்ல எழுந்து சொந்தக் கன்னத்தைத் தொட்டது. அந்தக் கை படம் முடியும்வரை இறங்கவில்லை.

விளக்கைப் போட்டதும் சிவஞானம் எழுந்தான்.

"ஜீவராணி அக்கா, ஒண்ணு கேக்கணும். இது என்ன படம்ன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சுதான் நடிச்சீங்களா? இல்ல ஒங்க மகன் ஏமாத்தி நடிக்க வச்சானா? ஏமாத்திட்டான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. மத்தத நாங்க பாத்துக்கிறோம்."

அவனோடு வந்த இளைஞர்களில் ஒருவன் கதவருகே போய் நின்றுகொண்டான். பிரசாந்தினி கையில் போனோடு முன்னால் வந்தாள். மண்டபத்தில் இருந்த எல்லோரும் நீலச் சேலைக்காரியையே பார்த்தார்கள். ஜெயரூபன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் உண்மையைச் சொன்னால் போதும், அவன் தொலைந்தான். பொய் சொல்லும்படி அவளிடம் கேட்க அவனுக்கு எந்த உரிமையும் இல்லை.

ஜீவராணி எழுந்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"படத்துல இருக்கிறது எம் மூஞ்சி. எடுத்தது எம் மகன். இதுல ஒனக்குப் பாக்குறதுக்கு என்ன இருக்கு?"

"அக்கா, தோட்டத்து மானம்..."

"அதக் கமிட்டியில போயி பேசு. இப்ப வழிய வுடு, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

தெரிந்துதான் நடித்தேன் என்று அவள் சொல்லவில்லை. தெரியாது என்றும் சொல்லவில்லை. கதவருகே நின்றவனை நோக்கி நேராக நடந்தாள். சின்ன வயதில் அவள் மடியில் சாப்பிட்டு வளர்ந்தவன் அவன். ஒதுங்கிக்கொண்டான்.

இறக்கத்தில் அவள் நடந்த வேகத்துக்கு ஜெயரூபனால் ஈடுகொடுக்க முடியவில்லை. பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடினான். பஸ் நிலையத்தில், புறப்படாமல் நின்ற பஸ்ஸின் பின்பக்கத்தில் அவள் நின்றாள்.

"அந்தப் பையன் பேசுறது நீ பேசுறதா?"

"ஆமாம்மா."

அவள் அவனை அடிக்கப்போகிறாள் என்று நினைத்தான்.

"அது ஒங்கப்பாவுக்காகப் பாத்த பார்வடா. புருஷன் செத்த மூஞ்சிய எடுத்து, புள்ள உசுரோட நிக்கிற எடத்துல ஒட்டி வச்சிருக்க. நீ சொன்னா நா மூஞ்சியத் திருப்பிக்குவேன்னு நீயே முடிவு பண்ணிட்டியா? எங்கிட்டச் சொன்னியா நீ? கேட்டியா?"

"பயமா இருந்துச்சும்மா."

"இப்ப எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸில் ஏறினாள். சன்னலோரத்தில் உட்கார்ந்தும் அவன் பக்கம் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் மோசமானவை. அவன் போன் செய்தால் அவள் எடுப்பதில்லை. தோட்டத்தில் வீடியோ எடுக்கவேண்டியிருந்த ஒரு கல்யாணம் ஸ்டூடியோவின் கையைவிட்டுப் போனது. முதலாளி முகத்தைப் பார்க்காமல், "கொஞ்ச நாளைக்கு வராம இருங்க தம்பி" என்றார். சிவஞானத்தின் வேன் அவன் தங்கியிருந்த தெருவில் நிற்பதை ஜெயரூபன் பார்த்தான். மறுநாளும் பார்த்தான். றில்வானின் கடைக்கு யாரோ போய் விசாரித்தார்கள். பிரசாந்தினி பண்டாரவளையில் வேறு ஒரு வேலை பார்த்துக் கொடுத்ததும் அவன் பதுளையை விட்டுப் போனான். மலையில் அம்மாவோடு கொழுந்தெடுக்கும் பெண்களில் சிலர் அவளை விட்டுத் தள்ளி உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டான். அதைக் கேட்ட அன்று அவனால் வேலை செய்ய முடியவில்லை.

ஒரு ஞாயிறு காலை அவளாகவே கூப்பிட்டாள்.

"கேமராவ எடுத்துக்கிட்டு வா. அந்த எடத்தத் திரும்ப எடுக்கணும். அந்தக் கடைக்காரப் பையன் வேணாம். நீ பேசு."

பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, அவன் லயத்துக்குப் போனான். இஸ்தோப்புகளில் பேச்சு நின்றது. ஜீவராணி அடுப்படியில் அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டு, "என்ன நெனக்கணும்னு எனக்குச் சொல்லாத" என்றாள். அவன் கேமராவை ஓடவிட்டு, அதன் பின்னால் நின்று அந்த வசனத்தைச் சொன்னான். எழுதிய வசனம் பாதியில் மறந்துபோனது. மிச்சத்தைத் தன் வாய்க்கு வந்தபடி சொன்னான்.

அவள் நெடுநேரம் அவனையே பார்த்தாள். முகத்தைத் திருப்பவில்லை.

"எங்கிட்ட சொல்றதுக்கு முன்ன வேற யாருகிட்டயாச்சும் சொல்லியிருக்கியா?"

"இல்ல."

"இத்தன வருஷமும் தனியாவே வச்சிருந்தியா?"

அவன் தலையசைத்தான்.

"எனக்குப் புடிக்கல. பொய் சொல்லமாட்டேன், புடிக்கல. அந்தச் சிவஞானம் ஒன்ன அடிச்சிருவானோன்னு தூக்கம் வரமாட்டேங்குது. எனக்கு இதெல்லாம் வெளங்கறதுக்கு நாளாகும். அதுக்குள்ள நீ எங்கயும் ஓடிராத."

அந்தக் காட்சியில் ஜெயரூபன் ஒரு இடத்தையும் வெட்டவில்லை. புதிய வடிவத்தில் படம் கொழும்பில் காட்டப்பட்டது. வரச் சொல்லிக் கேட்டபோது ஜீவராணி, வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். சிவஞானம் இன்னும் அவளோடு பேசுவதில்லை. அவளும் அவன் வேனில் ஏறுவதில்லை. மெயின் ரோட்டுக்கு நடந்தே போகிறாள்.

ஜெயரூபன் இப்போதும் பண்டாரவளையில்தான் இருக்கிறான். மாதம் ஒருமுறை லயத்துக்குப் போய்வருகிறான். போகும்போதெல்லாம் ரோட்டிலிருந்து லயம் வரையுள்ள தூரம் அவனுக்குக் கடினமாகத்தான் இருக்கிறது. கல்யாணப் பேச்சோடு வருகிறவர்களிடம் ஜீவராணி, "அவன் பண்ணிக்கமாட்டான்" என்று மட்டும் சொல்கிறாள். ஏன் என்று கேட்டவர்களில் சிலருக்குக் காரணத்தையும் சொல்லியிருக்கிறாளாம். யாரிடமெல்லாம் சொன்னாள் என்று அவன் கேட்டால், "ஒனக்கெதுக்கு அது?" என்று பேச்சை மாற்றிவிடுகிறாள்.