இரண்டாம் ஆளுக்கான இடம்

கருவியின் மூடியைத் திறக்குமுன் அண்ணை மூச்சைப் பிடித்துக்கொள்வார். கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் கதிரால் மூலக்கூறுகளை ஆராயும் கருவி அது; பக்கத்தில் நின்று மூச்சு விட்டால் அதையும் வரைபடத்தில் எழுதிவிடும். அவர் எங்கள் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தர், புத்தூர்க்காரர். நான் அங்கேயே படித்து விரிவுரையாளரானவன் என்பதால் கடைசிவரை என்னைத் தம்பி என்றே கூப்பிட்டார்.

வெளிநாட்டுச் சிங்குரோத்திரன் நிலையமொன்றில் ஆய்வு செய்ய எங்களுக்கு மூன்று நாள் கிடைத்தது. பெரிய வளையத்தில் இலத்திரன்கள் சுற்றும்போது பிறக்கும் பிரகாசமான கதிர் அங்கே உண்டு. ஒரு துளிக் கரைசலை லேசரால் அடித்து, மூலக்கூறு நெளிவதை நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்குள் அந்தக் கதிரால் படிப்பதுதான் வேலை. துளியை மயிரிழையிலும் மெல்லிய இடைவெளியில் அடைக்கும் சிறு கூட்டைச் செய்தவர் அண்ணை. இரண்டு பேர் போகலாம்.

"நானும் வரலாமோ தம்பி? உந்தக் கூடு அங்கை என்ன செய்யுதெண்டு ஒருக்காப் பாக்கவேணும்" என்றார். அவர் எதையும் கேட்டு நான் கண்டதில்லை. பட்டம் இல்லாதவர்களை அங்கே விடமாட்டார்கள் என்றேன். பச்சைப் பொய். நிலையத்தின் படிவத்தில் உதவியாளருக்கும் இடம் இருந்தது. வெள்ளைக்காரப் பேராசிரியர்களுக்கு முன்னால் அவருடைய ஆங்கிலத்தை நினைத்து எனக்கு வெட்கம், வேறென்ன.

ஓர் இளம் விரிவுரையாளரைக் கூட்டிக்கொண்டு போனேன். முதல் நாளே கூடு ஒழுகியது. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பதுபோல, பக்கம் பக்கமாகச் சமன்பாடு எழுதும் எங்கள் இருவருக்கும் நாலு திருகாணியை ஒழுங்காக இறுக்கத் தெரியவில்லை. அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒரு சொல் குத்திக்காட்டவில்லை. எந்தத் திருகாணி முதல், எவ்வளவு இறுக்கம் என்று பொறுமையாகச் சொன்னார். ஒழுக்கு நின்றது. கட்டுரையும் வந்தது. அவர் பெயரை நன்றியுரையில் கடைசியாகப் போட்டேன்.

போன மாதம் அவருடைய செத்தவீட்டுக்குப் போனேன். அவர் மனைவி உள்ளே போய், புதுக்கருக்குக் குலையாத பாஸ்போட் ஒன்றை எடுத்துவந்து என் கையில் தந்தார். தாள்களெல்லாம் வெறுமையாக இருந்தன.

"உங்களோடை போறதெண்டு எடுத்தவர். பிறகு விடமாட்டினமாம் எண்டு சொன்னவர். தம்பி தனக்காக அவையளோடை எவ்வளவோ கதைச்சுப் பாத்தவன் எண்டும் சொன்னவர். அப்பிடிக் கதைச்சனீங்களோ தம்பி?"

நான் ஒருவரோடும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம் அக்கா" என்றேன்.