பிரிஸில்லா அக்காவின் அகலப் பட்டை

கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் தட்டுகிற அத்தனை பேரையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றி, மறு தட்டில் பிரிஸில்லா அக்காவை உட்கார வைத்தால், அக்காவின் தட்டுதான் தரையைத் தொடும். விழிஞ்ஞத்துக்கு வரும் கப்பல்கூட அவளுடைய புரோகிராம் ஓடி முடியட்டும் என்று வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். நம்பாதவர்கள் கப்பலிடமே கேட்டுக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறாள். ஊர் பாறசாலை, அங்கே இப்போது அவளுக்கென்று யாருமில்லை. எந்தக் கரையில் எவ்வளவு மீன் வந்தது என்ற கணக்கை அலசும் புரோகிராம்களை ‘ஆர்’ என்ற மொழியில் எழுதுவது வேலை. பகலெல்லாம் மாடியிலிருந்து கேட்கும் ஒரே பேச்சு, மீட்டிங்கில் தன் குரல் கேட்கிறதா என்று அவள் மலையாளத்தில் விசாரிக்கும் “கேள்க்காமோ?” மட்டும்தான்.

முன்பெல்லாம் புரோகிராம் ஓட நெடுநேரமாகும். ஓடவிட்டுக் கீழே வருவாள். அம்மா துணிக்கடை வேலைக்குப் போயிருப்பாள். வீட்டில் நான் மட்டும். சாயா போடுவேன். அக்கா படியில் உட்கார்ந்து, நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டதைத் தவிர மற்ற எல்லாம் பேசுவாள்.

பிறகு அந்தக் கருவி வந்தது. புரோகிராமில் எந்த வரி எவ்வளவு நேரம் தின்கிறது என்று பட்டை பட்டையாகப் படம் போட்டுக் காட்டும் கருவி. பட்டை அகலமென்றால் அந்த வரி சோம்பேறி. அக்கா அகலப் பட்டைகளைத் தேடித் தேடி இளைக்க வைத்தாள். புரோகிராம் கண் சிமிட்டுவதற்குள் முடிந்தது. அவள் கீழே வருவதும் நின்றது. பழக்கதோஷத்தில் போட்ட இரண்டாவது சாயாவையும் நானே குடித்தேன்.

சும்மா இருப்பேனா? தண்ணீர் கேனை மேலே கொண்டுபோனபோது அக்கா மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். திறந்திருந்த மடிக்கணினியில் ஒரு வரி சேர்த்தேன். புரோகிராமை நடுவில் உறங்கச் சொல்லும் வரி. அவளே எப்போதோ சொல்லிச் சிரித்ததுதான்.

மறுநாள் படியில் காலடிச் சத்தம்.

“ஓட விட்டிருக்கேன் டே, இழுக்குது. சாயா உண்டா?”

அதன்பின் தினமும் வந்தாள். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

நேற்று மடிக்கணினியோடு வந்தாள். திரையில், நெடுஞ்சாலை மாதிரி ஒரே ஒரு அகலப் பட்டை.

“டே சாய், இது ஒனக்க வேலைதானே?”

“நானா? எனக்கு ஏபிசிடியே தகராறு அக்கா.”

“இது அன்னைக்கு எடுத்த படம். மொத நாளே பாத்துட்டேன். நீ சேர்த்த வரிய அப்பவே அழிச்சும் போட்டேன்.”

“அப்போ தெனமும் இழுக்குது, இழுக்குதுன்னது?”

அக்கா டம்ளரை நீட்டினாள்.

“சீனி போட மறந்துட்டே. போ, போட்டுட்டு வா.”