எடைக்காரம்மா பூட்டிய விளையாட்டுப் பெட்டி

ரயில் நிலையங்களில் காசு போட்டால் எடை பார்த்துச் சீட்டு தள்ளும் இயந்திரங்கள் நின்றிருந்த காலத்தில், அவற்றைப் பழுதுபார்ப்பதுதான் அவளுடைய வேலை. தோளில் கருவிப் பை, இடுப்பில் சாவிக்கொத்து. நிலைய ஊழியர்கள் எடைக்காரம்மா, எடைக்காரம்மா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் மிஞ்சியது. "கொஞ்சம் குறைச்சுக் காட்டுற மாதிரி திருப்பி வையுங்களேன்" என்று டிக்கெட் கொடுக்கும் பெண்கள் கேட்பார்கள்.

"மெஷினைத் திருப்பிடலாம். வீட்டுக் கண்ணாடியை என்ன பண்ணுவீங்க?" என்பாள்.

கணவர் ஜவுளிக்கடையில் விற்பனையாளர். நாள் முழுக்கத் துணியை விரித்து மடித்து, வாடிக்கையாளரிடம் பேசிப் பேசித் தேய்ந்து வந்தாலும், வீட்டில் சொல்ல அவரிடம் கதை பாக்கி இருக்கும். மழைக்கு முந்தின வானத்து நிறத்தில் துணி கேட்டவர், மனைவியின் அளவுக்குத் தன் கைகளை அகட்டிக் காட்டி மாட்டிக்கொண்டவர் என்று ஒவ்வொருவராக நடித்தே காட்டுவார். அவரும் அவளும் அவருடைய தங்கையும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகும். நாத்தனார் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தாள். அண்ணன் சொல்வதில் பாதி புளுகு என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் "அப்புறம்?" என்று அவள்தான் கேட்பாள்.

அந்த வீட்டுக்குள் ஒரு வீடியோ கேம் பெட்டி வந்தது. டிவியோடு இணைக்கிற சாதாரணப் பெட்டிதான். கணவர் தவணையில் வாங்கி வந்தார். முதல் வாரம் மூன்று பேரும் சிரித்துக்கொண்டே விளையாடினார்கள். அதற்குப் பிறகு அவர் மட்டும் விளையாடினார். கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியதும் டிவி முன்னால் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துவிடுவார்.

"சாப்பிட வாங்க."

"இந்த ஒரு ஆட்டம்."

அந்த ஒரு ஆட்டம் அனுமார் வாலாக நீளும். சோறு ஆறும். எடைக்காரம்மாவுக்குக் கோபத்தைவிட ஏக்கம்தான் அதிகம். அந்தக் கதைகள் இல்லாமல் சோறு இறங்கவில்லை. சண்டை போட்டுப் பார்த்தாள், பேசாமல் இருந்தும் பார்த்தாள். இரண்டையும் அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

கழித்துக்கட்டிய எடை இயந்திரம் ஒன்றிலிருந்து காசு விழும் வாயையும் அதன் நெம்புகோலையும் ஒரு நாள் கேட்டு வாங்கி வந்தாள். விடுமுறை நாளில் மரப்பெட்டி ஒன்று செய்து, விளையாட்டுப் பெட்டியை அதற்குள் வைத்துப் பூட்டினாள். காசு விழுந்தால் கடிகாரம் ஓடும். கடிகாரம் நின்றால் மின்சாரம் நிற்கும். கணவர் வந்து பார்த்தார்.

"என்ன இது?"

"ஸ்டேஷன்ல என்ன நியாயமோ அதான் வீட்டுலயும்."

அவர் சிரித்துவிட்டு ஒரு காசைப் போட்டார். ஆட்டம் சூடு பிடித்த நேரத்தில் திரை கறுத்தது. சட்டைப் பையைத் துழாவினார், தங்கையைப் பார்த்தார்.

"சில்லறை இல்லண்ணா" என்றாள் அவள், கையிலிருந்த சுருக்குப் பையை இறுக்கிக்கொண்டே.

சிரித்தபடி சாப்பிட வருவார் என்று எடைக்காரம்மா எதிர்பார்த்தாள். அவர் முகம் விழுந்துவிட்டது. "மலை உச்சிக்குப் போயிட்டேம்மா. இத்தனை நாள்ல இன்னிக்குத்தான் அங்க ஏறினேன். மொத்தமும் போச்சு" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டார். விளையாட்டு என்றால் என்னவென்று அவளுக்கு அன்றுதான் உறைத்தது. கடையில் யார் யாருக்கோ மடித்து மடித்து வைக்கிற மனுஷன், தனக்கென்று ஏறினது அந்த ஒரு மலைதான்.

மறுநாளே பெட்டியைத் திறந்தாள். ஆட்டத்தை அப்படியே நிறுத்திவைக்க ஜாய்ஸ்டிக்கில் ஒரு பொத்தான் உண்டு. கடிகாரம் நிற்கும்போது மின்சாரத்தை வெட்டாமல் அந்தப் பொத்தான் மட்டும் அழுந்துகிற மாதிரி ஒயரை மாற்றினாள். இப்போது நேரம் முடிந்தால் ஆட்டம் விட்ட இடத்திலேயே உறைந்து நிற்கும். அடுத்த காசு விழுந்தால் தொடரும். அன்று காசு தீர்ந்து ஆட்டம் உறைந்ததும் அவர் எழுந்தார். பிறகு கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "இன்னிக்கு ஒருத்தர் வந்தார் பாரு, ஒரே சட்டைக்கு ரெண்டு கலர்ல துணி வேணுமாம்" என்று ஆரம்பித்தார்.

"அப்புறம்?" என்றாள் நாத்தனார்.

அந்த வருஷமே எடை இயந்திரங்களுக்குக் காலம் முடிந்தது. வீட்டுக்கு வீடு எடைக்கருவி வந்த பிறகு ஸ்டேஷனில் யார் ஏறி நிற்பார்கள்? நிறுவனம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, அவளுக்கும் விடை கொடுத்தது. கருவிப் பையை மடியில் வைத்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். கணவர் அன்று விளையாட்டுப் பெட்டி பக்கமே போகவில்லை. பக்கத்தில் வந்து சும்மா உட்கார்ந்தார்.

நாத்தனார்தான் பேசினாள். "அண்ணி, கையில வெண்ணெயை வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைவாங்களா? மெஷின் நின்ன இடம் காலியாத்தானே இருக்கு? நம்ம பெட்டியையும் டிவியையும் கொண்டுபோய் வைங்க."

நிலைய அதிகாரி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "இந்தப் பெட்டியும் வீட்டுக்கு வீடு வந்தாச்சு. எடை மெஷினுக்கு ஆன கதிதானே இதுக்கும்? வீட்டுல இருக்கிறதுக்கு இங்க வந்து எவன் காசு போடுவான்?"

"வீட்டுல யாரும் ரயிலுக்குக் காத்திருக்கிறதில்லையே சார்" என்றாள் எடைக்காரம்மா.

அவருடைய ரயில்களைப் பற்றி அவரைவிட யாருக்குத் தெரியும்? வைத்துப் பாருங்கள் என்றார்.

வீட்டு ஜாய்ஸ்டிக் ஸ்டேஷன் கூட்டத்துக்குத் தாங்காமல் முதல் நாளே பிய்ந்து வந்தது. கெட்டியான இரும்புக் கைப்பிடி பொருத்தினாள். உடைந்ததைப் பார்த்த கூட்டம் மறுபடி தொடத் தயங்கியபோது, கணவர் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்து நின்றார். துணி விரிக்கிற அதே குரலில், "வாங்க, பக்கத்துல வந்து பாருங்க. பார்க்கிறதுக்குக் காசு இல்ல" என்று கூப்பிட்டார். அன்று மாலையே பெட்டியைச் சுற்றித் தலைகள்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு வினை வந்தது. விளையாட்டில் மூழ்கிய ஒருவர் ரயிலைக் கோட்டைவிட்டார். அவர் போட்ட சத்தத்தில், பெட்டியை எடுத்துவிடச் சொன்னார் அதிகாரி.

"ரெண்டு நாள் கொடுங்க சார்" என்று கேட்டு வாங்கினாள்.

நாத்தனாரும் அவளும் தரையில் ஒயர்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மணி அடிக்கிற கம்பியில் மின்சாரம் எப்படி ஓடும் என்பது தொலைபேசி நிலையத்துக்காரிக்குத் தண்ணீர் பட்ட பாடு. ரயில் அறிவிப்புக்கு முன்னால் நிலையத்தில் ஒரு மணி அடிக்கும். அந்த மணி அடித்தால் ஆட்டம் தானாக நின்று, அறிவிப்பு முடிந்த பிறகே தொடரும்படி செய்தார்கள். கடிகாரமும் அதுவரை ஓடாது. இனி விளையாடுகிறவனின் காதில்தான் அறிவிப்பு முதலில் விழும்.

அதிகாரி தானே ஒரு காசைப் போட்டுச் சோதித்தார். மணி அடித்தது. திரையில் ஓடிக்கொண்டிருந்த குட்டி வீரன் ஒரு காலைத் தூக்கியபடி நின்றான். அறிவிப்பு முடிந்து அவன் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகும் அதிகாரி நகரவில்லை. "அந்தப் பள்ளத்தை எப்படித் தாண்டுறது?" என்று கேட்டார்.

அடுத்த சந்திப்பு நிலையத்துக்கும் ஒன்று வேண்டும் என்று அவரே சொல்லி அனுப்பினார். கணவர் மரம் அறுத்தார், நாத்தனார் ஒயர் இழுத்தாள், எடைக்காரம்மா காசு வாயைப் பொருத்தினாள். மூன்று பேருமாக அதை ரயிலின் சரக்குப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அங்கே மின் இணைப்பு எட்டவில்லை. கணவர் ஒயர் வாங்கக் கடை தேடிப் போனார். அவள் மண்டியிட்டு அடிப்பலகைத் திருகுகளை முடுக்கிக்கொண்டிருந்தாள். மூட்டையோடு நின்ற ஒரு பெரியவர் நெருங்கி வந்தார்.

"இது எப்போம்மா ஆரம்பிக்கும்?"

"இன்னும் கொஞ்ச நேரத்துல. உங்க ரயில் எப்போங்க?"

"தாமதம்னு சொன்னாங்க."

"அப்போ உட்காருங்க" என்று கருவிப் பையை நகர்த்தி, அவருக்கு இடம் விட்டாள்.