செல்லம்மாவின் வலப்பக்கக் குழிகள்

அக்காவுக்கு அயர்ச்சியாம். சித்தி அம்மாவிடம் சொல்லி, அம்மா எனக்குச் சொன்னாள். சித்திக்கு யார் சொன்னது என்று கேட்டால், "யாரோ சொன்னாங்கடா, விடேன்" என்கிறாள். வெளிநாட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த 'யாரோ' போதும். உடனே அக்காவைக் கூப்பிட்டேன்.

"அயர்ச்சி இல்லடா, அழற்சி," என்று சிரித்தாள். "எனக்கில்ல. என் செல்லுங்களுக்கு."

இருபத்திரண்டு வருடமாக ஓர் ஆய்வகத்தில் செல் வளர்ப்பதுதான் அவள் வேலை. கதகதப்பான பெட்டிக்குள் வைத்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை பழைய திரவத்தை உறிஞ்சிவிட்டுப் புதியது ஊற்றுவாள். விடுமுறையிலும் போய் எட்டிப் பார்ப்பாள். அங்கே அவளுக்குச் செல்லம்மா என்று பெயர். பிள்ளைகள் என்று அவள் பேச்செடுத்தால் அத்தான், "எது? வீட்டுல இருக்கிறதா, பெட்டியில இருக்கிறதா?" என்பார்.

போன வாரம் தொண்ணூற்றாறு குழிகள் உள்ள ஒரு தட்டில், இடப்பாதியில் இரத்தத்தின் வெள்ளை அணுக்களையும் வலப்பாதியில் மூட்டின் உள்சவ்வுச் செல்களையும் வைத்தாள். இரண்டையும் ஒரே மருந்தால் சீண்டினாள். சீண்டப்பட்ட செல் ஒருவகைப் புரதத்தை வெளியே விட்டு அக்கம்பக்கத்துக்குச் சேதி சொல்லும். அழற்சியின் வீக்கமும் வலியும் அதனால்தான். வெள்ளை அணுக்கள்தான் அதிகம் கத்தும் என்று எதிர்பார்த்தார்கள். அந்தப் புரதம் கூடக் கூடக் குழியில் மஞ்சள் நிறம் ஏறும்; அளந்தபோது மஞ்சள் ஏறியது வலப்பக்கம்.

"தட்டைத் திருப்பி வச்சிட்டீங்க செல்லம்மா," என்றாராம், அவளைவிட இளையவரான ஆய்வகத் தலைவர்.

"வச்சியா?" என்றேன்.

"தெரியலடா. எப்பவும் தட்டுல ஒரு மூலை வெட்டியிருக்கும், அதைப் பாத்து வைப்பேன். புதுசா வந்த தட்டுல எதிரெதிரா ரெண்டு மூலை வெட்டியிருக்கு, திருப்பி வச்சாலும் ஒரே மாதிரிதான் தெரியும். ஓரத்துல எழுத்து இருக்கு. பாத்தேனான்னு ஞாபகம் இல்ல."

"வெள்ளை அணு இல்லாததுகூடக் கத்துமா?"

"தோலு, கொழுப்பு, எல்லாத்துக்கும் வாய் உண்டு. ஒரு புரதத்துக்கு இது சத்தமா கத்தும், இன்னொண்ணுக்கு அது. அதனால நிஜமாவே மூட்டுச் செல்லு கத்தியிருக்கலாம், இல்ல அவர் சொல்ற மாதிரி நான் திருப்பி வச்சிருக்கலாம்."

எனக்குத் தலை சுற்றியது.

தவறு தன்னுடையது என்று அவள் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டால் அடுத்த மாதம் அவளுடைய ஒப்பந்த வேலையை நீட்டிக்க மாட்டார்கள். போடாமல் பிடிவாதம் பிடித்து, பிறகு தவறு அவளுடையதுதான் என்று தெரிந்தால் இன்னும் அவமானம். அதே சோதனையை இன்னொரு தட்டில் மறுபடி செய்து பார்க்கக் கெஞ்சி அனுமதி வாங்கியிருக்கிறாள்.

"போட்டுடாதே அக்கா," என்றேன். மறுநிமிடமே, "இல்ல, போட்டுடேன், எதுக்கு வம்பு," என்றேன்.

"முதல்ல நீ ஒரு பக்கமா நில்லு," என்றாள்.

இன்று அவளுடைய நேரப்படி மூன்று மணிக்கு அளவு தெரிந்ததும் கூப்பிடுவதாகச் சொன்னாள். அங்கே இப்போது ஐந்தாகப் போகிறது. அலுவலகத்தில் நகல் எடுக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று நானே கூப்பிட்டேன். வலப்பக்கம் மஞ்சள் ஏறியிருந்தால் சந்தோஷத்தில் என்னை மறந்திருப்பாள். இடப்பக்கம் என்றால் எடுக்க மனம் வராது. எதுவென்று நினைப்பது? ரிங் போய்க்கொண்டே இருக்கிறது.